அந்த நாள்: போர்க்காலச் சென்னையில் ஒரு கொலை

‘அந்த நாள்’ 1954 ஏப்ரல் 13 அன்று, தமிழ்ப் புத்தாண்டையொட்டி வெளிவந்த துப்பறியும் திரைப்படம். ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்தது. வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கினார். கதை, உரையாடல் ஜாவர் சீதாராமன். சிவாஜி கணேசன், பண்டரிபாய், ஜாவர் சீதாராமன், டி.கே. பாலச்சந்திரன் முதலியோர் நடித்தனர். பாடல் இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் என்பதே இதற்கு அமைந்துவிட்ட பெயர். வினாடி வினாப் போட்டிகளிலும் பொது அறிவு நூல்களிலும் அந்த ஒரு வரியோடு படம் முடிந்துவிடுகிறது.

அந்தப் பெருமை உண்மையானதே. ஆனால் அது மற்றொன்றை மறைத்துவிட்டது. ‘அந்த நாள்’ ஒரு குறிப்பிட்ட நகரத்தின், ஒரு குறிப்பிட்ட மாதத்தின் கதை. நகரம் சென்னை, மாதம் 1943 அக்டோபர். கொலையாளி யார் என்பதை மட்டும் தேடிப் பார்த்தால் அது நல்ல துப்பறியும் படம். அந்த மாதத்தில் சென்னையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் தெரிந்துகொண்டு பார்த்தால், படம் எழுப்பும் கேள்வி பெரிதாகிவிடுகிறது.

கொலை நடந்த நகரம்

சென்னைக்குக் கடல்வழித் தாக்குதல் புதிதல்ல. முதல் உலகப் போரின்போது 1914 செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. சில நிமிடங்களில் முடிந்த அந்தத் தாக்குதல் தமிழில் ஒரு சொல்லையே விட்டுச் சென்றது. அகப்படாத, துணிச்சலான, கெட்டிக்கார ஆளை ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் அச்சம் அப்படி ஒரே இரவில் வந்து போகவில்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மாவில் தொழில் செய்துவந்த தமிழர்களில் பலர் கால்நடையாகவே மலைகளையும் காடுகளையும் கடந்து இந்தியா வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். ஏப்ரல் 5இல் கொழும்பும், 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9இல் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. அடுத்தது சென்னைதான் என்று நகரம் நம்பியது. அரசே அப்படித்தான் நம்பியது.

அந்த ஏப்ரலில் சென்னை காலியானது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. பள்ளிகள் மூடப்பட்டன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் விலங்குகள் தெருவுக்கு வந்துவிடும் என்று அஞ்சி, மாநகராட்சி உயிரியல் பூங்காவிலிருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயில் ஏற முடியாத கூட்டம். தெருத் தெருவாக வீடுகளில் ‘வாடகைக்கு விடப்படும்’ என்ற பலகைகள் தொங்கின. கிராமத்தில் பாட்டி வீடு உள்ளவர்கள் அங்கே போனார்கள். இல்லாதவர்கள் உறவினர் ஊர்களைத் தேடினார்கள். நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள் மறுபடியும் ‘சொந்த ஊர்க்காரர்கள்’ ஆன காலம் அது.

அன்று குண்டு விழவில்லை. போனவர்கள் மெல்லத் திரும்பினார்கள். விளக்கை மூடி எரிப்பது, சன்னலுக்குக் கறுப்புத்தாள் ஒட்டுவது, சங்கு ஊதினால் பதுங்குவது ஆகியவை பழகிப்போயின. பழகிப்போன பிறகுதான், 1943 அக்டோபரில், ஒரு ஜப்பானிய விமானம் இரவில் வந்து துறைமுகப் பகுதியில் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. பெரிய சேதமில்லை. அதே மாதம் பெருமழை பெய்து கூவமும் அடையாறும் கரை புரண்டதில் ஏற்பட்ட சேதம் அதைவிடப் பன்மடங்கு அதிகம். இருந்தாலும் மக்கள் நினைவில் நின்றது குண்டுதான். ‘அந்த நாள்’ என்ற தலைப்பு குறிப்பது இந்தக் குண்டுவீச்சை ஒட்டிய நாளையே. படம் வெளிவந்தபோது அது நடந்து பத்தரை ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. திரையரங்கில் உட்கார்ந்திருந்த சென்னைவாசிகளில் பெரும்பாலோருக்கு ‘அந்த நாள் நீ எங்கே இருந்தாய்?’ என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் இருந்திருக்கும்.

கதை

படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது. கதாநாயகன் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிகிறான். ‘பராசக்தி’ வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், சிவாஜி கணேசனை முதல் காட்சியிலேயே சாகடிப்பது எளிய துணிச்சல் அல்ல. ரசிகர்கள் அவருடைய நீண்ட வசனத்துக்குக் காத்திருந்த காலம். இங்கே அவர் பேசத் தொடங்கும் முன்பே பிணமாகிவிடுகிறார். அதன்பிறகு வருவதெல்லாம் பிறர் சொல்லும் கதைகளில் வரும் ராஜன்.

ராஜன் ஒரு வானொலிப் பொறியாளன். வெடிச்சத்தம் கேட்டுப் போலீசுக்குச் சொல்பவர் அண்டை வீட்டுக்காரரான சின்னையா. சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் விசாரணையில் சேர்கிறார். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் கதாசிரியரான ஜாவர் சீதாராமனே. சந்தேகத்துக்குரியவர்கள் ஐந்து பேர்: சின்னையா, ராஜனின் மனைவி உஷா, தம்பி பட்டாபி, பட்டாபியின் மனைவி ஹேமா, ராஜனின் காதலி அம்புஜம். சின்னையாவின் விரல் பட்டாபியை நோக்கி நீள்கிறது. பட்டாபியோ தன் மனைவியையே ஐயப்படுகிறான். ஹேமா அம்புஜத்தைக் காட்டுகிறாள். அம்புஜம் சின்னையாவைக் காட்டுகிறாள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் கொலை வேறுவிதமாக நம் கண்முன் நடக்கிறது.

இந்த ஐந்து பேரின் வாக்குமூலங்களில்தான் படத்தின் ஊர்மணம் இருக்கிறது. கடற்கரையையும் கோபுரத்தையும் காட்டி ‘இது சென்னை’ என்று சொல்லும் படமல்ல இது. பெரும்பகுதி நான்கு சுவர்களுக்குள் நடப்பது. ஆனால் சொத்தில் பங்கு கேட்கும் தம்பி, அதற்காகப் புகையும் ஓரகத்தி, பக்கத்து வீட்டில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பதைக் கணக்கு வைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரர், ஊரறிய வரமுடியாத ஓர் உறவு ஆகியவை நடுத்தரக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த சென்னைத் தெருக்களின் அன்றாடம். மேல்நாட்டுத் துப்பறியும் கதையில் தடயம் என்றால் சிகரெட் சாம்பல், கைரேகை. இங்கே தடயம் என்பது குடும்பச் சண்டை. விசாரணை அதிகாரிக்கு ஊர்வம்பே சாட்சியம்.

எல்லாக் கதைகளும் ஒன்றையொன்று அடித்துத் தள்ளிய பிறகு உண்மை வருகிறது. ராஜன் அறிவாளி. அவன் கண்டுபிடிப்புக்குச் சொந்த நாட்டில் மதிப்புக் கிடைக்கவில்லை. ஜப்பான் அவனை ஏற்றுக்கொண்டது. கைம்மாறாக அவன் இந்தியாவின் ரகசியங்களை ஜப்பானுக்கு விற்கத் தொடங்கினான். நாட்டுப்பற்று மிக்க உஷாவுக்கு இது தெரியவருகிறது. தடுக்கிறாள், கெஞ்சுகிறாள், வாதாடுகிறாள். கடைசியில் அவள் கையிலிருந்த துப்பாக்கியே அவன் உயிரைக் குடிக்கிறது. ஐவரில் சந்தேகம் மிகக் குறைவாக விழுந்த ஒருத்தி, தாலி கட்டியவனைக் கொன்றவளாகத் தெரிகிறாள். கணவனே தெய்வம் என்று பத்துப் படங்களில் ஒன்பது சொல்லிக்கொண்டிருந்த 1954இல் இந்த முடிவைப் பார்வையாளர் முன் வைத்ததுதான், பாடலை நீக்கியதைவிடப் பெரிய துணிவு என்று சொல்ல வேண்டும்.

ராஷோமோனும் அந்த நாளும்

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ 1950இல் வெளிவந்து, 1951இல் வெனிஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவிதமாகச் சொல்லும் அதன் அமைப்பு பாலசந்தரை ஈர்த்தது. அதன் பாதிப்பில் அவர் எழுதியதை முதலில் வானொலி நாடகமாக்க முயன்றார். வானொலி நிலையம் ஏற்கவில்லை. பிறகுதான் அது ஏ.வி. மெய்யப்பனிடம் வந்து படமாகியது. தொடக்கத்தில் வேறொரு நடிகரை வைத்து எடுத்த பகுதிகளைக் கைவிட்டு, சிவாஜி கணேசனைக் கொண்டு மீண்டும் எடுத்தார்கள்.

‘ராஷோமோனின் தழுவல்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைதான். ராஷோமோனில் சாட்சிகள் குற்றத்தைத் தங்கள் தலையிலேயே போட்டுக்கொள்கிறார்கள். கொள்ளைக்காரனும் மனைவியும், ஆவியாக வந்து பேசும் இறந்த கணவனும்கூட, ‘நான்தான்’ என்கிறார்கள். ‘அந்த நா’ளில் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். ராஷோமோன் உண்மை இன்னதென்று தீர்ப்புச் சொல்லாமலே முடிகிறது. ‘அந்த நாள்’ உண்மையைக் கண்டுபிடித்து நம் கையில் தருகிறது. முன்னது மனித மனத்தைப் பற்றிய ஐயம்; பின்னது வழக்கு விசாரணை. ஜாவர் சீதாராமன் சட்டம் படித்தவர் என்பது இங்கே நினைக்கத் தக்கது. பிற்காலத்தில் ‘மின்னல் மழை மோகினி’, ‘உடல் பொருள் ஆனந்தி’ போன்ற மர்மத் தொடர்கதைகளால் வாசகர்களைக் கட்டிப்போட்டவரும் அவரே.

இன்னொரு விந்தையும் இருக்கிறது. தோற்றுப்போன ஜப்பானிலிருந்து வந்த ஒரு கதைமுறையைக் கொண்டு, ஜப்பானுக்கு உளவு பார்த்தவனின் கதையைச் சென்னையில் சொன்னார்கள்.

படத்துக்கு உள்ளூர் வேர்களும் உண்டு. ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908இல் வெளிவந்தது. அவருடைய துப்பறியும் கோவிந்தன் தமிழ் வீடுகளில் அறிமுகமான பெயர். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ 1935இல் படமானது. ‘திகம்பர சாமியார்’ 1950இல் படமானது. 1951இல் ‘ராஜாம்பாள்’ படமானபோது அதில் வில்லனாக நடித்தவர் இதே பாலசந்தர். ஆக, ‘அந்த நாள்’ எடுக்க வந்தபோது அவர் தமிழ்த் துப்பறியும் மரபை உள்ளிருந்தே அறிந்தவர். குரோசவாவிடம் கதைமுறையைக் கற்றார். தெருவையும் குடும்பத்தையும் தமிழ் நாவலிலிருந்து எடுத்தார்.

குற்றச் செய்திகளுக்கும் அன்று சென்னையில் பஞ்சமில்லை. 1944 நவம்பரில் வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று, 1947இல் விடுதலையானார்கள். 1952இல் நடந்த ஆளவந்தார் கொலை, அதாவது ரயிலில் வந்த ஒரு பெட்டிக்குள் தலையில்லாத உடல் கிடைத்த வழக்கு, பத்திரிகைகளை மாதக்கணக்கில் நிரப்பியது. நாளிதழில் சாட்சி விசாரணையை வரிவிடாமல் படித்துப் பழகிய நகரத்துக்கு, ஐந்து சாட்சிகளை வைத்துக் கதை சொல்வது அந்நியமாகப் பட்டிருக்காது.

எந்த நாட்டுக்குத் துரோகம்?

‘அந்த நா’ளின் கதை நடக்கும் 1943 அக்டோபருக்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 10 அன்று, சென்னைச் சிறையில் இளைஞர்கள் சிலர் தூக்கிலிடப்பட்டார்கள். வக்கம் அப்துல் காதர், சத்தியேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். பினாங்கில் பயிற்சி பெற்று, 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல்களில் வந்து இந்தியக் கரைகளில் இறங்கிய குழுக்களைச் சேர்ந்தவர்கள் இவர்கள். பிரிட்டிஷ் அரசின் பார்வையில் எதிரியின் உளவாளிகள். இன்றைய இந்தியாவின் பார்வையில் விடுதலைப் போராட்டத் தியாகிகள்.

ராஜன் செய்ததும் அவர்கள் செய்ததும் ஒன்றா? இல்லை என்பதே சரியான பதில். அவர்கள் நாட்டுக்காக உயிரை வைத்தார்கள். ராஜன் தன் அறிவுக்கு மதிப்புத் தேடியும் பலனுக்காகவும் ரகசியத்தை விற்றான். ஆனால் 1943இல் சென்னைப் போலீசுக்கு இரண்டும் ஒரே குற்றம்தான். அவனைப் பிடித்திருந்தால் அவனும் அதே தூக்குமேடைக்குத்தான் போயிருப்பான். இந்த வேறுபாட்டைச் சட்டம் பார்க்காது. மனசாட்சிதான் பார்க்க வேண்டும். படத்தில் அந்த மனசாட்சியின் இடத்தில் உஷாவை நிறுத்தியிருக்கிறார்கள்.

உஷாவுக்கு எதிரே நிறுத்திப் பார்க்க ஒரு பெண் வரலாற்றில் இருக்கிறார். சென்னையில் பிறந்து, இராணி மேரிக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்து, 1938இல் மருத்துவப் பட்டம் பெற்றவர் லட்சுமி சுவாமிநாதன். 1940இல் சிங்கப்பூர் போனார். 1943 ஜூலையில் அங்கு வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெண்கள் படைப்பிரிவு ஒன்றை அமைக்கச் சொன்னபோது அந்தப் பொறுப்பை ஏற்றார். ஜான்சி ராணிப் படை என்ற அந்தப் பிரிவில் மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் இருந்தனர். 1943 அக்டோபர் 21இல், அதாவது சென்னையில் குண்டு விழுந்த சில நாட்களில், சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். அதில் பெண் அமைச்சர் கேப்டன் லட்சுமி. ஜப்பானின் துணையோடு இந்தியாவை விடுவிக்க ஒரு சென்னைப் பெண் துப்பாக்கி ஏந்திய அதே மாதத்தில், ஜப்பானுக்குத் துணைபோனவனை நோக்கி இன்னொரு சென்னைப் பெண் துப்பாக்கி ஏந்தியதாகக் கதை சொல்கிறது. இருவருக்கும் காரணம் ஒன்றே: நாடு.

உஷாவின் பக்கத்துக்கும் அன்றைய அரசியலில் வலுவான ஆதாரம் உண்டு. காந்தியடிகள் ஆங்கிலேயரை வெளியேறச் சொன்னார். அதனால் ஜப்பானியரை வரவேற்கவில்லை. ஜப்பானியப் படை வந்தால் எதிர்ப்போம் என்றார் நேரு. ராஜாஜி ஒருபடி மேலே போய், ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தையே ஏற்கவில்லை. எஜமானை மாற்றுவது விடுதலையாகாது என்பது இவர்கள் எல்லோருக்கும் பொதுவான எண்ணம். குண்டு விழுந்தால் சாகப்போவது வெள்ளைக்காரத் துரை மட்டுமல்ல, மண்ணடியில் மூட்டை தூக்குபவனும்தான் என்பதை உணர அரசியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உஷாவின் நியாயம் இங்கேதான் வேரூன்றியிருக்கிறது.

இந்த நியாயத்தைத் தமிழ்ப்படம் முதலில் சொன்னது தானாக விரும்பியல்ல. போர்க்காலத்தில் கச்சா பிலிம் தட்டுப்பாடு வந்து, படத்தின் நீளம் 11,000 அடிக்குள் இருக்க வேண்டும் என்று அரசு வரம்பு விதித்தது. போர்முயற்சிக்கு ஆதரவாகப் படமெடுக்கும்படி தயாரிப்பாளர்களுக்கு நெருக்கடி இருந்தது. அப்படி 1945இல் வந்தவை கே. சுப்பிரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’, மாடர்ன் தியேட்டர்ஸின் ‘பர்மா ராணி’ போன்றவை. அவற்றில் ஜப்பானியர் வில்லன்கள்; ஆங்கிலேயரைப் பற்றி மூச்சில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் காற்று திசைமாறியது. செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவ அதிகாரிகள் மீது வழக்கு நடந்தபோது நாடு முழுதும் கொதித்தெழுந்தது. நேதாஜியின் படம் தமிழ்நாட்டுக் கடைகளிலும் வீடுகளிலும் ஏறியது. ஜப்பானுக்கு எதிராகப் பேசிய படங்கள் மறக்கப்பட்டன.

‘அந்த நாள்’ இதற்கும் பிறகு, அரசின் கட்டளை எதுவும் இல்லாத சுதந்திர இந்தியாவில் வந்தது. ஆகவே உஷாவின் செயலைப் பிரிட்டிஷ் பிரசாரம் என்று தள்ள முடியாது. அதே சமயம் படம் ஒன்றைத் தெளிவாகத் தவிர்த்துவிட்டது: ராஜனை நேதாஜியின் வழியில் வந்தவனாகக் காட்டவில்லை. காட்டியிருந்தால் 1954இன் பார்வையாளர் உஷாவை மன்னித்திருக்க மாட்டார்கள். கோபத்தாலும் ஆசையாலும் வழிதவறிய ஒரு தனிமனிதனாக அவனைச் சுருக்கியதால்தான் தீர்ப்பு எளிதாயிற்று. கதையாகப் பார்த்தால் இது சாமர்த்தியம். வரலாறாகப் பார்த்தால், அந்த மாதச் சென்னையின் கடினமான கேள்வியைப் படம் பக்கவாட்டில் கடந்துபோய்விட்டது என்று சொல்வதில் தவறில்லை. இருந்தும், ‘என் அறிவை என் நாடு மதிக்கவில்லை’ என்ற ராஜனின் குறையை அது கேலி செய்யவில்லை. அவன் வாதத்துக்கு முழு இடம் கொடுத்து, அதன் பிறகே அவனை வீழ்த்துகிறது. சிவாஜியின் நடிப்பு அந்த வாதத்தை எவ்வளவு வலுவாக்குகிறது என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அப்துல் காதர் முதலியோர் தூக்கிலிடப்பட்ட சிறைக்கும் ஒரு பின்கதை உண்டு. பார்க் டவுனில் சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில் இருந்த மத்தியச் சிறை 2006இல் மூடப்பட்டு, 2009இல் இடிக்கப்பட்டது. அந்த நிலம் கேப்டன் லட்சுமி படித்த மருத்துவக் கல்லூரியின் விரிவாக்கத்துக்குப் போனது.

பாட்டில்லாத படம்

தமிழர்க்குப் பாட்டில்லாத கதை பழக்கமில்லை. கூத்து, கதாகாலட்சேபம், நாடகம் என்று எல்லாம் பாட்டில்தான் நடந்தன. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில், இசை பயில்வோர்க்காகச் சுரக்கோவைகளைப் பாறையிலேயே வெட்டி வைத்த மண் இது. அந்தக் கல்வெட்டு ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். பேசும்படம் வந்தபோதும் மக்கள் முதலில் கேட்கப்போனது பாட்டைத்தான். அதே புதுக்கோட்டையின் பி.யு. சின்னப்பாவும், திருச்சியின் தியாகராஜ பாகவதரும் குரலால்தான் கொடிகட்டினார்கள். பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

அப்படிப்பட்ட சூழலில் பாடலே வேண்டாம் என்றவர் யார்? பத்து வயதுக்கு முன்பே ‘சீதா கல்யாணம்’ (1934) படத்தில் கஞ்சிரா வாசித்துத் தோன்றியவர். பிற்காலத்தில் வீணையால் உலகறிந்து 1982இல் பத்மபூஷண் பெற்றவர். இசை தெரியாதவர் செய்த முடிவல்ல இது. இசை எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று தெரிந்தவர் செய்தது. பின்னணி இசையையும் அவர் அளந்தே பயன்படுத்தினார். எஸ். மாருதி ராவின் ஒளிப்பதிவில் நிழலும் சாய்ந்த கோணங்களும் பாட்டு செய்ய வேண்டிய வேலையைச் செய்தன. இருட்டடிப்புக் காலத்து வீட்டுக்குள் விளக்கு எப்படி விழும் என்பதை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அந்த நிழல்கள் வெறும் அலங்காரமாகத் தோன்றியிருக்காது.

இந்தியாவில் பாடலில்லாப் பேசும்படத்துக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. 1937இல் பம்பாயில் ‘நௌஜவான்’ என்ற இந்திப்படம் அப்படி வந்தது. ஆனால் மெய்யப்பன் போன்ற தயாரிப்பாளர் இதற்கு இசைந்தது கவனிக்கத் தக்கது. பாட்டால் பணம் பார்த்தவர் அவர். இசைத்தட்டு வணிகத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். போர்க்காலச் சென்னையை நேரில் அறிந்தவரும்கூட. ஏ.வி.எம். நிறுவனம் 1945இல் தொடங்கப்பட்டபோது சென்னையில் மின்சார இணைப்புக்கு இருந்த கட்டுப்பாடுகளால் படப்பிடிப்பு நிலையத்தைக் காரைக்குடி அருகே தேவகோட்டை ரஸ்தாவில், கொட்டகைகள் போட்டு அமைத்தார். ‘நாம் இருவர்’ (1947) அங்கே உருவானது. 1948க்குப் பிறகே நிறுவனம் கோடம்பாக்கம் வந்தது. சென்னையை விட்டுப்போய் மீண்டும் வந்த கதை, படத்தை எடுத்த நிறுவனத்துக்கே உண்டு.

‘பராசக்தி’யிலும் (1952) இந்தப் போர் இருக்கிறது: ரங்கூனில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் சிதறுவதும், குணசேகரன் சென்னையில் வந்திறங்கி ஏமாறுவதும். அதே சிவாஜி, அதே பண்டரிபாய், அதே ஏ.வி.எம். அரங்கம். ஆனால் ‘பராசக்தி’ நகரத்தை நீதிமன்றத்தில் நிறுத்தி உரத்த குரலில் குற்றம் சாட்டியது. ‘அந்த நாள்’ தாழ்ந்த குரலில், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விசாரித்தது. சீதாராமனின் உரையாடலில் அடுக்குமொழி இல்லை. மக்கள் எதைக் கைதட்டி வரவேற்றார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வரவேற்பும் பின்னர் நடந்தவையும்

படம் வணிகரீதியில் தோற்றது. பாட்டை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்தார்கள். பத்திரிகைகள் பாராட்டின. 1954ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் ‘மலைக்கள்ளன்’ தமிழின் சிறந்த படத்துக்கான வெள்ளிப்பதக்கம் பெற, ‘அந்த நாள்’ தகுதிச் சான்றிதழ் பெற்றது. விருதுக்குப் பிறகு மீண்டும் திரையிட்டபோது முன்பைவிட நல்ல வரவேற்புக் கிடைத்தது.

பாலசந்தர் மர்மப்படங்களை விடவில்லை. ‘அவனா இவன்’ (1962), ‘பொம்மை’ (1964), ‘நடு இரவு’ ஆகியவற்றை இயக்கினார். ‘பொம்மை’யில் பாட்டுண்டு. அதன்பிறகு திரையுலகிலிருந்து விலகி வீணையோடு நின்றுவிட்டார். கருநாடக இசை வரலாறு பற்றிய சர்ச்சைகளில், ஒரு வழக்கறிஞரைப்போல ஆதாரம் கேட்டு மல்லுக்கு நின்றார். 1990 ஏப்ரல் 13 அன்று, ‘அந்த நாள்’ வெளியான அதே தேதியில், பிலாய் நகரில் காலமானார்.

பாடலில்லாப் படம் என்ற வழியில் பின்னர் வந்தவர்கள் குறைவு. ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965), பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988), பி.சி. ஸ்ரீராம் இயக்கிய ‘குருதிப்புனல்’ (1995) ஆகியவை குறிப்பிடத் தக்கவை. முதல் இரண்டும் வேறு வகை. ‘குருதிப்புனல்’ மட்டும் ‘அந்த நா’ளின் நேர்வாரிசு: அதிலும் பாடல் இல்லை, அதிலும் கதையின் மையம், ரகசியத்தை எதிரியிடம் கொடுக்கும் ஒரு திறமைசாலியும், அவனுக்கு மிக நெருங்கியவர் அவனை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியும்தான்.